மணிக்குள் உட்கிடை

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், கோவலன் மதுரை மாநகரின் ரத்தினக் கடைத்தெருவைப் பார்த்து வரும் இடத்தில், வயிரத்துக்குரிய தோஷங்களாகக் காகபாதம் முதல் ஏகை வரை நான்கையும், மரகதத்துக்கு மூன்றையும் இளங்கோவடிகள் பெயர் சொல்லிக் குறித்திருப்பதைப் படிக்கும்போதெல்லாம், வெறுங்கண்ணும் காலை வெயிலும் தவிர வேறு சாதனம் இல்லாத அந்நாளைய ரத்தின நோட்டக்காரர்கள் கல்லின் உள்ளே இவ்வளவு தூரம் புகுந்து பார்த்திருக்கிறார்களே என்று எனக்கு வியப்புண்டாவது வழக்கம். காக்கைக்கால் போல் பிரிந்த விரிசலும், கறையும், துளியும், கோடும் இன்றைக்குப் பரிசோதனைச் சாலையில் உருப்பெருக்கியின் கீழே தினந்தோறும் காணப்படுபவைதாம். அவர்கள் அவற்றைக் கண்டவுடன் கல்லைத் தள்ளினார்கள், அல்லது விலையைக் குறைத்தார்கள். இன்றைய பரிசோதகரோ அவற்றைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்து, அந்தக் கல் மண்ணிலே விளைந்ததா மனிதன் செய்ததா, நெருப்பிலிட்டு நிறமேற்றியதா, எந்தத் தேசத்துச் சுரங்கத்தில் கிடைத்தது என்னும் மூன்று கேள்விகளுக்கும் அவற்றையே சாட்சிக்கு அழைக்கிறார். அந்தச் சாட்சியத்தை மூன்று கேள்வியிலும் ஒரே அளவாக நம்பலாமா என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம்.

இப்படிக் கல்லுக்குள் அகப்பட்டவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்ல வியாபாரிகள் 'இன்குளூஷன்' என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்தாளுகிறார்கள். ரெவினியூ கணக்கில், ஒரு பெரிய கிராமத்தின் எல்லைக்குள் அடங்கியும் தனிப் பெயரும் தனிக் குடிகளுமாக இருக்கும் சிற்றூரை 'உட்கிடை' என்று எழுதுவார்கள் அல்லவா? அந்தச் சொல் இதற்கு வெகு பொருத்தமாக இருப்பதால் அதையே ஆள உத்தேசம். ஒரு மணியின் எல்லைக்குள் வேறொரு தாதுவின் படிகமோ, ஊசியோ, ஒரு சொட்டுத் திரவமோ, ஒரு வாயுக் குமிழியோ தன் குணம் மாறாமல் குடியிருக்குமானால் அது உட்கிடை.

இந்த ஆராய்ச்சி ஆபரணக் கடையில் பிறந்ததன்று. 1820-களில் ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ப்ரூஸ்டர், புஷ்பராகக் கற்களின் நுண்ணிய குழிகளில் நீரைப் போலல்லாத ஒரு திரவம் இருப்பதையும், கைச்சூட்டுக்கே அது வெகுவாக விரிவதையும் கண்டு எழுதினார். 1858-இல் ஷெஃபீல்டு நகரத்து ஹென்றி க்ளிஃப்டன் ஸார்பி, படிகத்துக்குள் அடைபட்ட திரவத்திலே மிதக்கும் குமிழி, ஆதியில் குழி முழுவதையும் நிரப்பியிருந்த சூடான திரவம் ஆறிச் சுருங்கியதால் உண்டான வெற்றிடமே என்றும், ஆகவே குமிழி மறையும் வரை திரும்பச் சூடேற்றினால் அந்தப் படிகம் விளைந்த காலத்து உஷ்ணத்தை ஒருவாறு மதிப்பிடலாம் என்றும் காட்டினார். மலையை உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பதா என்று அவரைச் சிலர் பரிகசித்தார்களாம். ரத்தினங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வேலையை ஒரு சாஸ்திரமாக ஆக்கியவர் ஸ்விட்சர்லாந்தின் லூசர்ன் நகரத்து எட்வர்ட் க்யூபலின் (1913–2005). அவர் ஜான் கொய்வுலா என்ற அமெரிக்கருடன் சேர்ந்து 1986-இல் வெளியிட்ட வண்ணப்படத் தொகுதியைப் பரிசோதனைச் சாலைகளில் பஞ்சாங்கம் போலப் புரட்டுகிறார்கள்.

உட்கிடைகளை க்யூபலின் வயதை வைத்துப் பிரித்தார். தாங்கும் மணிக்கு முன்பே பிறந்து, மணி வளரும்போது அதனால் விழுங்கப்பட்டவை ஒரு வகை. மணியோடு கூடவே பிறந்தவை, அது வளர்ந்த கரைசலின் துளி உட்பட, மற்றொரு வகை. மணி முழுதாக விளைந்தபின் அதனுள்ளேயே தோன்றியவை மூன்றாம் வகை. மூத்தது, உடன்பிறந்தது, இளையது என்று நம் வீட்டு வழக்கப்படி சொல்லிவிடலாம். முதல் இரண்டும் எளிதில் விளங்கும். மூன்றாவதற்கு ஓர் உதாரணம் தேவை. சர்க்கரைப் பாகு ஆறும்போது, சூட்டில் கரைந்து கிடந்தது தாங்காமல் கற்கண்டாகப் பிரிகிறது. அவ்வாறே, கெம்பும் நீலமும் மிகுந்த உஷ்ணத்தில் விளையும்போது தம் படிகக் கட்டுக்குள் ஏற்றுக்கொண்ட சிறிதளவு டைட்டானியம், அவை ஆறத் தொடங்கியதும் இடமின்றி வெளிப்பட்டு, 'ரூட்டைல்' என்னும் தாதுவின் மயிரிழை ஊசிகளாகக் கல்லுக்குள்ளேயே படிகிறது. படிகத்தின் அமைப்புக்குக் கட்டுப்பட்டு அந்த ஊசிகள் மூன்று திசைகளில் மாத்திரம், ஒன்றையொன்று 60 பாகையில் வெட்டிக்கொண்டு கிடக்கும். வியாபாரிகள் இதைப் 'பட்டு' என்கிறார்கள். சாய்வாக வெளிச்சம் விட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றாது. பட்டு அடர்ந்த கல்லைக் குமிழ்வடிவாகத் தீட்டினால் ஆறு கதிர் நட்சத்திரம் மேலெழும். நியூயார்க்கு இயற்கைப் பொருட்காட்சிச் சாலையில் உள்ள 563 காரட் 'இந்திய நட்சத்திரம்', பெயர்தான் இந்தியா, பிறந்தது இலங்கையில். ஊசிகளோ நுண்குழல்களோ ஒரே திசையில் நெருங்கினால் ஒரே ஒரு கோடு ஓடும். வைடூரியத்தின் பூனைக்கண் அதுவே.

இனி ஒன்றைக் கிட்ட நின்று பார்ப்போம். இலங்கையின் தென்மேற்குக் கரையில் பேருவளை என்ற ஊரில் சீனன்கோட்டை என்று ஒரு பகுதி உண்டு. தமிழ் பேசும் முஸ்லிம்கள் பரம்பரை பரம்பரையாகக் கல் வியாபாரம் செய்யும் இடம். அங்கே ஒரு நாள் அதிகாலையில், வயதான வியாபாரி ஒருவர், இளநீல நிறத்தில் நான்கு காரட் இருக்கக்கூடிய ஒரு கல்லை இடுக்கியில் பிடித்து என்னிடம் நீட்டி, "இப்பவே பார்த்துக்கொள்ளுங்க, வெயில் ஏறினா இவர் ஒளிஞ்சிடுவார்" என்றார். பத்து மடங்கு லென்ஸில், கல்லின் நடுவே, நீண்ட பலகைபோல் விளிம்பு நேராக வெட்டிய ஒரு குழி தெரிந்தது. அந்தக் குழியின் வடிவம் மனிதன் வெட்டியதன்று. நீலக்கல்லே தன் படிக வடிவத்தில் காலியாக விட்ட இடம். உள்ளே தெளிந்த திரவம். அதில் கடுகை நூறாகப் பிளந்ததில் ஒரு பங்கு இருக்கும் வட்டக் குமிழி. கல்லைச் சாய்த்தபோது அது ரசமட்டத்துக் குமிழிபோல் மெதுவாக நகர்ந்து மறு ஓரம் போயிற்று. அவர் கல்லை வாங்கித் தம் உள்ளங்கையில் மூடி, இரண்டு நிமிஷம் வேறு பேச்சுப் பேசிவிட்டு மறுபடி கொடுத்தார். குழி இருந்தது, குமிழி இல்லை. கல்லைத் தேநீர்க் கோப்பைக்கு எட்டத் தள்ளி வைத்து, பளிங்குத் தட்டில் ஆறவிட்டு லென்ஸை வைத்துக்கொண்டே இருந்தேன். திரவம் திடீரென்று கொதிப்பதுபோல் கலங்கி, நுண்குமிழிகள் பொங்கி, ஒன்றோடொன்று கூடி, பழைய ஒற்றைக் குமிழியாகத் தங்கின. ஆறும்போது கொதிக்கும் திரவத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்தத் திரவம், மிகுந்த அழுத்தத்தில் அடைபட்ட கரியமில வாயு. 31.1 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் அந்த வாயுவுக்குத் திரவம், ஆவி என்ற பேதம் கிடையாது. இரண்டும் ஒன்றாகிவிடுவதால் குமிழியின் வரம்பு கரைந்து மறைகிறது. அதற்குக் கீழே இறங்கியதும் பேதம் திரும்புகிறது. நம் பக்கத்து வெயிலில் காலையில் காணும் குமிழி பத்து மணிக்கு மறைவதற்கும், அதே கல் குளிர்நாட்டுப் பரிசோதனைச் சாலையில் நாள் முழுவதும் குமிழியோடு இருப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் அந்தக் கிழவர் எனக்கு இதைக் காட்டியது வேடிக்கைக்காக அன்று. கல்லை 1,600 டிகிரிச் சூட்டில் போட்டால் உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தம் குழியைச் சுக்குநூறாக வெடிக்கச் செய்துவிடும். குமிழி உயிரோடிருக்கிறது என்றால் கல் அடுப்புக்குப் போகவில்லை. ஒரு வரி எழுத்தில்லாமல் ஒரு சான்றிதழ்!

முதற்கேள்வியாகிய இயற்கையா செயற்கையா என்பதில் உட்கிடைகளின் வாக்கை ஏறத்தாழ முழுமையாக நம்பலாம் என்பது என் அபிப்பிராயம். பிரெஞ்சு ரசாயனியான ஒகூஸ்த் வெர்னாய் 1902-இல் வெளியிட்ட முறைப்படி, நிறமூட்டிய அலுமினாத் தூளை ஹைட்ரஜன்–ஆக்ஸிஜன் சுவாலையின் ஊடே மெல்லத் தட்டித் தூவினால், அது சுமார் 2,050 டிகிரியில் உருகி, கீழே சுழன்றுகொண்டிருக்கும் தண்டின் நுனியில் துளி துளியாக ஏறிச் செயற்கைக் கெம்பாக வளருகிறது. வளரும் தலை வளைந்திருப்பதால் ஒவ்வொரு படலமும் வளைந்தே படியும்; இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகளோ படிகத்தின் முகங்களைத் தொடர்ந்து நேராகச் சென்று கோணத்தில் மடியும். கிராமபோன் தட்டின் கோடுபோல் வளைந்த வரிகளையும், வாலுடன் கூடிய உருண்டை வாயுக் குமிழிகளையும் கண்டுவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் பாட்டியின் பதக்கத்தில் ஏழு கெம்புகள் பதித்திருந்தன. அவர் காலமான பிறகு, பங்கு பிரிக்கும் சந்தர்ப்பத்தில், அதை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தோம். ஐந்தில் பட்டும், பழைய விரிசல் ஆறிய வடுக்களும், சாய்சதுரமான கால்ஸைட் மணிகளும் இருந்தன. மற்ற இரண்டில் வளைகோடுகள். எந்த வருஷத்தில், எந்தக் கொக்கியைச் செப்பனிடக் கொடுத்தபோது, யார் கையில் இந்த மாற்றம் நடந்ததென்று இனி யாரும் சொல்வதற்கில்லை. என் அத்தை வெகுநேரம் பதக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டது இந்த ரெண்டைத்தான்டா, ஒரு புள்ளிகூட இல்லாத கல்லுன்னு சொல்லுவா" என்றார்.

வெர்னாய் முறைக்குப் பின் வந்தவை சற்றுக் கஷ்டமானவை. உருகிய உப்புக் குழம்பில் மாதக்கணக்காக வளர்க்கும் கெம்பிலும் மரகதத்திலும், குழம்பின் எச்சங்கள் மெல்லிய முகத்திரைபோல் தொங்கி, இயற்கைக் கல்லின் ஆறிய விரிசலைப் போலவே ஏமாற்றும். ஆனால் குழம்பைக் காய்ச்சிய மூசை பிளாட்டினத்தால் ஆனது. அது சிறிது அரிக்கப்பட்டு, பளபளக்கும் முக்கோணத் தகடாகவோ ஊசியாகவோ கல்லுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. கெம்புக்குள் பிளாட்டினத்தை இயற்கை வைப்பதில்லை. திருட வந்தவன் செருப்பை விட்டுப் போனதுபோல்தான்.

இரண்டாம் கேள்வி, நெருப்பு. இலங்கையில் 'கெவுடா' என்று சொல்லும் பால்மங்கலான கற்கள் ஒரு காலத்தில் மிக மலிந்து கிடந்தன. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை வாங்கிப்போய் உலையிலிட்டு நல்ல நீலமாக விற்கத் தொடங்கிய பிறகுதான் அவற்றின் அருமை தெரிந்தது. அந்த மங்கலே ரூட்டைல் பட்டு. உலைச் சூட்டில் அது மறுபடி கல்லுக்குள் கரைந்து, டைட்டானியமும் கல்லில் முன்பே இருந்த இரும்பும் சேர்ந்து நீல நிறம் கொடுக்கிறது. உலைக்குப் போன கல்லில் ஊசிகள் அறுந்து புள்ளி வரிசையாகத் தெரியும். உள்ளிருக்கும் சிர்கான் போன்ற மணிகளைச் சுற்றி வட்டத் தட்டாக விரிசல் ஓடி, பனிக்கட்டி உடைந்தாற்போல் வெளுத்திருக்கும். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் இதுவே. சிர்கானுக்குள் இருக்கும் யுரேனியத்தின் கதிர்வீச்சால் அது நாளடைவில் உப்பி, நெருப்பே காணாத கல்லிலும் தன்னைச் சுற்றி ஒரு சிறு பரிவேஷத்தை உண்டாக்கும். குறைந்த சூட்டில் வாட்டிய கல்லில் மாறுதல் மிக அற்பம். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் ஊதுகுழலும் கொண்டு கெம்பின் நீலச்சாயையைப் போக்கும் பழைய இலங்கை முறையை லென்ஸ் மட்டும் கொண்டு தீர்மானிப்பது எளிதன்று. ஆக, இங்கே உட்கிடை 'இல்லை' என்று சொல்வது உறுதி. 'ஆம்' என்று சொல்வதும் பெரும்பாலும் சரி. மௌனமாக இருக்கும்போதுதான் நமக்குச் சங்கடம்.

மூன்றாவதாகிய ஊர்க்கேள்விக்கு வருவோம். விலை இதில்தான் இருக்கிறது. அதனாலேயே ஆசையும் இதில்தான். காஷ்மீர நீலம், பர்மாக் கெம்பு, கொலம்பிய மரகதம் என்று ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டால் கல்லின் விலை பன்மடங்காகிறது. கொலம்பியாவின் மூஸோச் சுரங்கத்து மரகதத்தில் ஓரம் பிறாண்டிய ஒரு குழி, குழிக்குள் உப்புநீர், உப்புநீரில் ஒரு வாயுக் குமிழி, அதன் அருகே சமையலுப்பின் கன சதுரம் ஒன்று என்று மூன்று நிலைகளும் ஒரே வீட்டில் குடியிருப்பதை முதன்முதலில் பார்ப்பவர் மறக்கமாட்டார். பழைய கடல் உப்புப் படிவங்களைக் கரைத்துக்கொண்டு வந்த வெந்நீர் கரும்பாறைப் பிளவுகளில் புகுந்து அந்த மரகதங்களை விளைவித்ததன் மிச்சம் அது. இந்த மூன்று நிலை உட்கிடையைக் கண்டால் கொலம்பியா என்று தயங்காமல் எழுதிக்கொண்டிருந்த காலம் உண்டு. ஆப்கானிஸ்தானத்தின் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கு மரகதங்களிலும் உப்புச் சதுரம் இருப்பது தெரிந்ததும் அந்தத் தைரியம் போயிற்று.

'டெமண்டாய்டு' என்னும் பச்சைக் கார்னெட்டில் குதிரைவால்போல் ஒரு புள்ளியிலிருந்து விசிறி வளையும் கிரிஸோடைல் நார்களின் கதையும் இதே கதைதான். உலகில் உட்கிடை தெரிந்தால் விலை ஏறும் அபூர்வக் கல் அது. நல்ல வாலாக அமைந்தால் அதை நடுவில் நிறுத்தியே பட்டை தீட்டுவார்கள். ரஷ்யாவின் யூரல் மலைக்கு அது முத்திரை என்றார்கள். இத்தாலியிலும் ஈரானிலும் அதே வால் கிடைத்தது. நமீபியாவின் டெமண்டாய்டில் மட்டும் இல்லை. யோசித்தால் காரணம் விளங்கும்: முதல் மூன்று இடத்திலும் கல் பிறந்தது சர்ப்பப் பாறையில், கிரிஸோடைல் அந்தப் பாறையின் சொந்தச் சரக்கு. நமீபியாவில் பாறை வேறு. ஆகவே குதிரைவால் சொல்வது பாறையின் ஜாதியை. தேசத்தின் பெயரை நாமாக அதன் வாயில் புகுத்தினோம். பர்மாவின் மோகோக் கெம்பிலுள்ள கால்ஸைட்டும் அப்படியே: சலவைக்கல்லில் பிறந்ததற்கு அது சாட்சி; வியட்நாமின் லுக் யென் பகுதிக் கெம்பும் சலவைக்கல்லில் பிறந்ததுதான்.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் 1998-இல் மடகாஸ்கரின் இலகாகா ஆற்றுமணலில் நீலக்கற்கள் குவியலாகக் கிடைத்தபோது உண்டாயிற்று. நீண்ட பட்டு, சிர்கான் மணி, கரியமில வாயுக் குழி என்று இலங்கைக் கல்லுக்கு நாம் எழுதி வைத்திருந்த லட்சணங்களில் பலவும் அவற்றில் இருந்தன. பூகர்ப்ப சாஸ்திரிகள் இதில் ஆச்சரியப்படவில்லை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இலங்கையும் மடகாஸ்கரும் நம் தென்னிந்தியாவும் கோண்டுவானா என்னும் ஒரே நிலப்பரப்பில் அடுத்தடுத்துக் கிடந்து, ஒரே மலையாக்கத்தின் உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் வெந்தவை. கற்கள் பிறந்தபோது அவற்றுக்கிடையே இந்த எல்லைகள் இல்லை. பாஸ்போர்ட்டு கேட்பது நாம். இன்று பரிசோதனைச் சாலைகள் உட்கிடையோடு, லேசர்க் கதிரால் துளி சுரண்டி எடுத்த அணுக்களின் விகிதத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் ஊர் எழுதுகின்றன. அப்படியும் ஒரே கல்லுக்கு இரண்டு சாலைகள் இரண்டு ஊர் எழுதிக் கொடுப்பதுண்டு. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1880-களின் தொடக்கத்தில் காஷ்மீரத்துப் பாடர் மலையுச்சியில் கிடைத்த நீலங்களில் 'பர்கஸைட்' ஊசி தெரிந்தால் அதற்கு மிகுந்த மதிப்புண்டு. ஆனால் அத்தகைய உட்கிடை அகப்படுவது எப்போதோ ஒரு முறை.

வழக்கு ஒன்றுக்கும் பயன்படாமல் அழகுக்காகவே பார்க்கத் தகுந்தவையும் அநேகம். இலங்கைச் சந்திரகாந்தக் கல்லில் இறுக்கத்தால் உண்டான நுண்விரிசல்கள் கால் முளைத்த பூரான்களாக ஊர்கின்றன. அரிஸோனாவின் பெரிடாட்டில் கருத்த குரோமைட் மணியை நடுவில் வைத்து அல்லியிலைபோல் வட்டத் தட்டுகள் மிதக்கின்றன. மடகாஸ்கர் ஸ்படிகம் சிலவற்றுள் மஞ்சள் நிறமான பெட்ரோலியம் இருக்கிறது. புறஊதாக் கதிர் பட்டதும் அது நீலமாகச் சுடர்விடும். பிரேஸில் ஸ்படிகங்களுள் கரிய ஹெமடைட் தகட்டின் ஆறு பக்கமும் பொன்னிற ரூட்டைல் கதிர்கள் சிதறிச் சூரியபிம்பமாகவே நிற்பதுண்டு.

ஊர்க்கேள்வியில் தடுமாறும் இந்தச் சாட்சிகள், யாரும் கேட்காத வேறொரு கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்லுகின்றன. வயிரம் வெறும் கரி. அதற்குத் தன் வயதைச் சொல்லத் தெரியாது. 1984-இல் ஸ்டீபன் ரிச்சர்ட்ஸனும் அவருடைய சகாக்களும், தென்னாப்பிரிக்க வயிரங்களுக்குள் அகப்பட்ட கார்னெட் மணிகளைக் கணித்து அவை 320 முதல் 330 கோடி ஆண்டுப் பழமையானவை என்று காட்டினார்கள். அந்த வயிரங்களை ஆழத்திலிருந்து மேலே தள்ளி வந்த கிம்பர்லைட் பாறைக்கோ வயது சுமார் 10 கோடிதான். சுத்தமான வயிரமாக இருந்திருந்தால் இந்தச் செய்தி கிடைத்திராது.

இப்போதெல்லாம் கல்லை உடைக்காமலே உள்ளிருப்பது இன்ன தாது என்று பெயர் சொல்லும் வித்தை வந்திருக்கிறது. லேசர்க் கதிரை உருப்பெருக்கியின் வழியாக உட்கிடையின்மேல் குவித்து, சிதறித் திரும்பும் ஒளியில் நிறம் எவ்வளவு பெயர்ந்தது என்று அளப்பார்கள். ஒவ்வொரு தாதுவுக்கும் அந்தப் பெயர்ச்சி வேறு. 1928-இல் கண்டறியப்பட்ட ராமன் விளைவு இங்கே வேலை செய்கிறது. அதைக் கண்ட சர் சி. வி. ராமன் வயிரத்திலும் சந்திரகாந்தத்திலும் லாப்ரடோரைட்டிலும் தீராத மோகம் கொண்டவர் என்பதும், செயற்கைக் கல் பட்டை தீட்டுவதையே குடிசைத் தொழிலாகக் கொண்ட திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் என்பதும் எனக்குச் சந்தோஷம் தரும் பொருத்தங்கள்.

2014-இல் கனடாவின் கிரஹாம் பியர்ஸனும் சகாக்களும் பிரேஸிலின் ஜுயினாப் பகுதி வயிரம் ஒன்றுக்குள் 'ரிங்வுடைட்' என்னும் தாதுவைக் கண்டதை வெளியிட்டார்கள். விண்கற்களிலும் சோதனைச் சாலை அழுத்தக் கருவிகளிலும் தவிர அதுவரை யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. பூமிக்குள் 500 கிலோமீட்டருக்கும் கீழே அது பரவலாக இருக்கவேண்டும் என்பது கணக்கு மட்டுமே. தலைமயிரின் தடிமனுக்கும் குறைந்த அந்தத் துணுக்கின் எடையில் சுமார் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நீர் கட்டுண்டு இருந்தது. அது கிடந்த வயிரமோ மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள, அழுக்கேறினாற்போன்ற பழுப்புக் கல். நகைக்கு எவ்விதத்திலும் உதவாதது. அதை விலைக்கு வாங்கியவர்கள் அதற்குள் தேடியதும் வேறொரு தாதுவைத்தான்.